பள்ளியைப் பூட்டியாச்சு, பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடம் உறுதியாக இல்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்ததால் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதை நாங்கள் யாரும் எதிர்க்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், அப்புறம் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்ததும் ஞாபகம் இருக்கிறது. காரை பெயர்ந்து கம்பி தெரிகிற தளத்துக்குக் கீழே பிள்ளையை உட்கார வைக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. ஆனால் பூட்டிய அன்றோடு தங்கள் வேலை முடிந்தது என்று அதிகாரிகள் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிள்ளைகளைப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கே இடம் பத்தவில்லை. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கின்றன, ஒரு டீச்சர் பேசினால் இன்னொருவர் நிறுத்த வேண்டும். இரண்டாம் வகுப்பு நடப்பது மாடிப்படி முடிகிற இடத்தில், பாய் விரித்து. மணி அடித்ததும் மேலே படிக்கிற பெரிய பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரே படி வழியாகத்தான் இறங்கி ஓடி வருகிறார்கள், சின்னதுகள் சுவரோரமாக ஒதுங்கி நிற்கின்றன. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோமே, அங்கே கூரையில் தீப்பிடித்தது மட்டுமா காரணம், நெருக்கியடித்து உட்கார வைத்ததும் குறுகலான படியும்தானே குழந்தைகளை வெளியே வர விடாமல் செய்தன? அதற்குப் பிறகு எத்தனை ஆணைகள், எத்தனை ஆய்வுகள். இந்தப் படிக்கட்டை யாராவது வந்து பார்த்தார்களா?

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெண் பிள்ளைகளுக்கு இருக்கிற இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. என் மகள் காலையில் கொண்டு போகிற தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறாள், குடித்தால் போக வேண்டியிருக்கும் என்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு என்ன ஆகும்? ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், குடிநீர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

அடுத்தது வழி. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, எங்கள் பிள்ளைகள் இப்போது அதைவிட அதிக தூரம் போகிறார்கள், நடுவில் லாரிகள் போகிற சாலையைக் கடக்க வேண்டும். டவுன் பஸ் வந்தால் சரி, வராத அன்று ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். பஸ் தாமதமானால் காலை உணவுத் திட்டத்தில் கிடைக்கிற சாப்பாடும் போச்சு, போய்ச் சேருவதற்குள் பாத்திரம் கழுவிவிடுகிறார்கள். வீட்டில் சாப்பிடாமல் அதை நம்பியே கிளம்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மதியம் வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழைய பள்ளியையாவது ஒழுங்காக மூடினார்களா என்றால் அதுவும் இல்லை. வாசல் கேட்டில் பூட்டு தொங்குகிறது, பின்பக்கச் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது, லீவு நாளில் பையன்கள் உள்ளே புகுந்து கிரிக்கெட் விளையாடுகிறார்கள். செப்டிக் டேங்க் மூடி துருப்பிடித்துப் போயிருக்கிறது. விக்கிரவாண்டியில் 2025 ஜனவரியில் பள்ளியின் செப்டிக் டேங்கில் விழுந்து ஒரு எல்.கே.ஜி. குழந்தை இறந்ததைப் படித்த பிறகும் இதை இப்படியே விட்டு வைக்க எப்படி மனசு வருகிறது என்று தெரியவில்லை.

கேட்டால், கட்டடம் ஒன்றிய அலுவலகம் பார்ப்பது, பிள்ளைகள் கல்வித் துறை பார்ப்பது என்கிறார்கள். தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, அவரே தனக்கு மேசை இல்லாமல் நிற்கிறார். இது தற்காலிகமா, ஒரேயடியாக இணைத்துவிட்டார்களா என்று எழுத்தில் ஒரு வரி கூட எங்களுக்குத் தரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், ஆனால் பூட்டிய பிறகு அந்தக் குழுவை ஒரு தடவையும் கூட்டவில்லை.

புதுக் கட்டடம் நாளைக்கே வராது என்பது எங்களுக்கும் புரிகிறது. அதுவரைக்கும் ஊரிலேயே ஒரு சமுதாயக் கூடத்தையோ வாடகைக் கட்டடத்தையோ பொறியாளர் சான்று வாங்கி ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்காவது கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு ஒரு வண்டியும், கூடவே போய்வர ஒரு ஆளும் வேண்டும். செப்டிக் டேங்கை மூடவும் பின்சுவரை அடைக்கவும் ஒரு வாரம் போதும். வட்டாரக் கல்வி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும் ஒரே நாளில் சேர்ந்து வந்து, பள்ளி விடுகிற நேரத்தில் அந்த மாடிப்படி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அங்கேயே எங்கள் குழுவைக் கூட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்