குட்டியானை லோடு வண்டி ஓட்டி வந்த தம்பிக்கு நன்றி

போன வாரம் சூலூர் பக்கத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் போய்க்கொண்டிருந்த எங்கள் அப்பா தலைசுற்றி விழுந்தபோது, வண்டியை ஓரங்கட்டி, அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாங்கள் வரும்வரை கூடவே இருந்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிய தம்பிக்கு இந்தப் பதிவு.

நீங்கள் காப்பாற்றியது யாரை என்று உங்களுக்குத் தெரியணும். அப்பா விமானப்படையில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். லீவு கிடைத்தால் நேராக வீடு, தோட்டம், வேறெங்கும் போனதில்லை. விமானத்தில் போல்ட் அதிர்வில் கழன்றுவிடக் கூடாதென்று அதன் தலையில் இருக்கும் துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து, முறுக்கி, அடுத்த போல்ட்டோடு சேர்த்துக் கட்டுவார்கள். எங்கள் கிணற்று மோட்டாரிலும் துளை போட்டு அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார். ஸ்பேனர்களை எண்ணிப் பெட்டியில் வைத்த பிறகுதான் சாப்பாடு. அங்கே ஒன்று குறைந்தாலும் விமானத்தைப் பறக்க விடமாட்டார்களாம்.

கண் விழித்ததும் "சொட்டுநீர் வால்வு திறந்து கிடக்கு" என்றுதான் சொன்னாராம். நீங்கள் உடனே அவர் போனிலிருந்தே பக்கத்துத் தோட்டத்து மாமாவைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் மனசு எங்கே கிடக்கிறது என்று புரிந்து செய்தீர்களே, அதை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

இப்போது நன்றாக இருக்கிறார். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் தம்பி, அப்பா உங்களைப் பார்க்கணும் என்கிறார்.