பங்கு பிரிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளே,

நீ அனுப்பிய மீன்பிடிச் சட்ட வரைவை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாதிதான் புரிந்தது. அடுத்த தடவை நம் படகுக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தேன், அப்போது பிடிபட்டது. பிடிக்கும் உரிமையைப் பங்கு போட்டுக் கொடுத்தால் மீனும் மிஞ்சும், படகுக்கும் லாபம் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். உன் வரைபடங்களைப் பார்த்து இல்லை, என் நோட்டைப் பார்த்து.

அப்பா கடலுக்குப் போனார், நான் கணக்கு எழுதினேன். பக்கத்துப் படகுக்காரர் பெரிய இன்ஜின் வைத்த வருஷம் நாமும் வைத்தோம். மீன் இருக்கிற இடத்துக்கு அவர் அரை மணி முந்திப் போய்விட்டால் நமக்கு என்ன கிடைக்கும்? மறு வருஷம் அவர் வலையைப் பெரிதாக்கினார். நாமும்தான். நோட்டில் இடது பக்கம் டீசல், ஐஸ், வலை, வட்டி. வலது பக்கம் ஏலத்தில் வந்த பணம். மூன்று வருஷத்தில் இடது பக்கம் ஒரு தாளில் அடங்காமல் அடுத்த தாளுக்குப் போய்விட்டது. வலது பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்கிற கடலில் கொஞ்சம் லாபம் தெரிந்தால், அது கரைந்து போகும்வரை படகுகள் வந்துகொண்டே இருக்கும் என்று கனடாவின் பொருளாதார அறிஞர் ஸ்காட் கோர்டன் 1954-இல் எழுதியதாக நீதான் சொன்னாய். அவர் என் நோட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சிரித்தேன்.

ஒரு நாள் எல்லாப் படகும் ஒன்றாகக் கரைக்கு வந்தது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் பிள்ளை. நம் முறை வருவதற்குள் பெட்டியில் ஐஸ் உருகி அடியில் தண்ணீராக நின்றது. மீனின் கண் குழிவிழுந்து, செவுளின் சிவப்பு பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஏலம் விடுகிறவர் கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் விலை சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் வலையை அலசப் போய்விட்டார். அன்றைய வரவு டீசலுக்கே காணவில்லை.

அதனால்தான் அலாஸ்காவின் ஹாலிபட் மீன் கதையை நீ சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. மொத்தம் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வரம்பு இருந்தது, யாருக்கு எவ்வளவு என்று மட்டும் இல்லை. படகுகள் பெருகப் பெருகப் பருவம் சுருங்கி, கடைசியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 24 மணி நேரம் என்று ஆனது. அந்த நாளில் புயல் அடித்தாலும் போயே ஆக வேண்டும். நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி கட்டிய ஆயிரங்கால் தூண்டிலைப் போட்டு, எடுக்க நேரமில்லாமல் கடலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அது பாட்டுக்கு மீனைக் கொன்றுகொண்டிருக்கும். 1995-இல் ஆளுக்கு இவ்வளவு என்று கோட்டா வந்ததும் பருவம் எட்டு மாதமாக நீண்டது. காற்று சரியில்லையா, இன்றைக்குப் போக வேண்டாம். விலை இறங்கிவிட்டதா, அடுத்த வாரம் பிடிக்கலாம். உறைய வைத்து விற்ற மீன் பச்சை மீனாகவே சந்தைக்குப் போனது. நமக்கு அப்படி ஒரு பங்கு இருந்திருந்தால் அந்தப் பெரிய இன்ஜினை வாங்கியே இருக்க மாட்டோம்.

சரி, இனி நான் சண்டை போடும் இடத்துக்கு வருகிறேன்.

உன் வரைவில் பங்கு பிரிப்பது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. மொத்த வரம்பை யார் நிர்ணயிப்பார்கள் என்பதற்கு ஒரே ஒரு பத்தி. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் பெரிய இழுவைக் கப்பல்களுக்கு 1980-களிலேயே கம்பெனி வாரியாகப் பங்கு பிரித்திருந்தார்கள். ஆனாலும் மொத்த வரம்பு கடலில் இருந்த மீனுக்குப் பொருந்தாமல் அதிகமாகவே இருந்தது. 1992 ஜூலையில் காட் மீன்பிடியையே மூடினார்கள், ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. பானையில் இல்லாததைச் சரியாகப் பங்கு வைத்து என்ன பயன்?

நியூசிலாந்து 1986-இல் கோட்டாவைத் தொடங்கியபோது ஒவ்வொருவருக்கும் இத்தனை டன் என்று எழுதிக் கொடுத்தது. வரம்பைக் குறைக்க வேண்டி வந்தால் அரசே பணம் கொடுத்து டன்னைத் திரும்ப வாங்க வேண்டும். ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனை வாரியெடுத்த பிறகுதான் அது நூறு வயதுக்கு மேல் வாழ்கிற, மெதுவாக வளர்கிற மீன் என்று தெரிந்தது. 1990-இல் டன்னை விட்டுவிட்டு, மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று மாற்றினார்கள். மீன் குறைந்தால் எல்லோர் பங்கும் சேர்ந்து குறையும். உன் வரைவில் இன்னும் டன் என்றே இருக்கிறது, பார்த்துக்கொள்.

அப்புறம், யாருக்கு முதல் பங்கு? 'கடந்த ஆண்டுகளின் பிடி அளவைப் பொறுத்து, படகு உரிமையாளர்களுக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்குத் தூக்கம் போனது அந்த வரியில்தான். அந்தக் கணக்குப்படி, கடலை அதிகமாகச் சுரண்டியவனுக்கு அதிகப் பங்கு. நியூசிலாந்தில் கோட்டாவுக்கு முன்பே, 1983 சட்டத்தின் பேரில், பகுதி நேரமாக மீன் பிடித்தவர்களைத் தொழிலை விட்டே விலக்கினார்கள். அவர்களில் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் நிறையப் பேர். அவர்கள் நீதிமன்றம் போனார்கள், 1992-இல் ஓர் உடன்படிக்கை வந்த பிறகுதான் அந்த வழக்கு அடங்கியது. ஐஸ்லாந்துச் சட்டத்தின் முதல் பிரிவே மீன்வளம் நாட்டு மக்கள் எல்லோருக்கும் பொது என்கிறது. ஆனால் ஆரம்பத்தில் இலவசமாகப் பங்கு வாங்கியவர்கள் அதை விற்றும் வாடகைக்கு விட்டும் சம்பாதித்தார்கள். பின்னால் வந்தவர் காசு கொடுத்துத்தான் பங்கு வாங்க வேண்டும். அப்படி மாட்டிக்கொண்ட இரண்டு மீனவர்கள் ஐநா மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 2007-இல் அந்தக் குழுவின் முடிவு அவர்கள் பக்கம் வந்தது.

இன்னொரு கூட்டம் உன் வரைவில் எங்குமே இல்லை. படகுக்குச் சொந்தக்காரர் இல்லாமல், கூலிக்கும் பங்குக்கும் வருகிறவர்கள். அலாஸ்காவிலும் முதல் பங்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கோட்டாவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற படகில் முதலில் வாடகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பிரிப்பார்கள். அப்பாவோடு பதினெட்டு வருஷம் வலை இழுத்த அண்ணனை நினைத்துப் பார். கடல் இன்று எப்படி இருக்கும் என்று அப்பாவே அவரிடம்தான் கேட்பார். உன் சட்டத்தில் அவருக்குப் பேர் இல்லை.

தனி ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லையே. சிலி நாட்டில் 1991 சட்டப்படி கரையோரக் கடலடியைத் துண்டு துண்டாக மீனவர் சங்கங்களுக்கே ஒப்படைத்தார்கள். 'லோக்கோ' என்ற கடல் நத்தையை எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதை அந்தச் சங்கம் திட்டம் போட்டு, அரசின் ஒப்புதலோடு நடத்தும். ஓடுகிற மீனுக்கு இது சரிப்படாது, தெரியும். இடம் விட்டு நகராத உயிர்களுக்குச் சரிப்படும்.

கடைசியாக ஒன்று. கோட்டா எடையை நல்ல விலை போகும் மீனுக்கே வைத்துக்கொள்ள, வலையில் விழுந்த சின்ன மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டுப் பெரிய மீனை மட்டும் கரைக்குக் கொண்டு வருவார்கள். கோட்டா இல்லாத காலத்திலேயே இடம் போதாமல் நாம் அதைச் செய்திருக்கிறோம், நோட்டில் எழுதியதில்லை. கரையில் எடை போடுகிறவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் செத்து மிதக்கிற மீனை அவர் எடை போட முடியாது. படகில் கேமரா வைக்கப் போகிறாயா, கண்காணிக்க ஆள் அனுப்பப் போகிறாயா? அந்தச் செலவை யார் தலையில் கட்டுவாய்?

நோட்டுகள் நான்கையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதில் டீசல் கொட்டி ஒட்டிக்கொண்ட பக்கங்கள் இருக்கும், மெதுவாகப் பிரி. அதில்தான் அந்த இன்ஜின் வாங்கிய கணக்கு. அப்பா தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: படகை விற்றுவிட்டவனுக்குப் பழைய பிடி கணக்கில் வருமா, வராதா? வராது என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை. நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா