அந்தக் கிணத்தை இப்ப மூட வேண்டாம் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம், நீங்களும் தம்பியாக்களும் சுகமா இருக்கோணும் எண்டு வட்டாப்பளை அம்மாளை வேண்டிக்கொண்டு எழுதுறன். போனில சொல்லியிருக்கலாம் தானே எண்டு நினைப்பியள், ஆனா இது போனில சொல்ல ஏலாத கதை அப்பா, லைன் கட்டாகும், அம்மா இடையில சாப்பிட்டியா பிள்ளை எண்டு கேப்பா, நானும் சொல்ல வந்ததை விட்டிட்டு வேற எதையோ கதைச்சுப்போட்டு வச்சிடுவன். அதுதான் இருந்து எழுதுறன். கண்ணாடியப் போட்டுக்கொண்டு ஆறுதலா நீங்களே வாசியுங்கோ, கண் நொந்தா தம்பியிட்ட குடுங்கோ.

நான் பாக்கிற மனிசிக்கு போன சனிக்கிழமை 80 வயசு. நான் அவவை நொன்னா எண்டுதான் கூப்பிடுறது, இஞ்ச அம்மம்மாவை அப்பிடித்தான் சொல்லுவினம். அவவின்ர மகள் வடக்குப் பக்கம் மிலானில இருக்கிறா, புருசனோட வந்து அம்மாவை ஒருநாள் சுத்திக் காட்ட எண்டு ஒரு வான் பிடிச்சவ, எங்களுக்கு மட்டும் தனி வான், அதோட ஒரு கைட், அவர்தான் ட்ரைவரும். நொன்னாவுக்குக் கைத்தடி இல்லாம நடக்கேலாது, நேரத்துக்கு மருந்தும் குடுக்கோணும், அதால என்னையும் கூட்டிக்கொண்டு போனவை. ஆனா வேலைக்காரி மாதிரி ஒரு நிமிசமும் நடத்தேல்ல, முன் சீற்றில இருத்தி வச்சவை, நல்லாப் பாக்கலாம் எண்டு. நான் இத்தாலிக்கு வந்து அஞ்சு வருசமாகுது, வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமையில எங்கட ஆக்களோட பெல்லெகிரீனோ மலையில ஏறி சந்தா ரொசாலியா மாதாவைக் கும்பிடுறது, இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச பலெர்மோ. சைவக்காரரும் வேதக்காரரும் எண்டு வித்தியாசமில்லாம எல்லாரும் அந்த மலைக்குப் போறவை அம்மா, குகைக்குள்ள கோயில், மேல இருந்து தண்ணி சொட்டும். ஊரைத் தாண்டி வெளிய போய் சிசிலியைப் பாத்தது இதுதான் முதல் தரம்.

விடிய ஏழரைக்கு வெளிக்கிட்டது. கபாச்சி எண்ட இடத்தில பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில சிவப்பு நிறத்தில ஒரு தூண் நிக்குது, 1992இல மாபியாக்காரர் ரோட்டுக்குக் கீழ குண்டு வச்சு பல்கோனே எண்ட நீதிபதியையும் மனிசியையும் காவலுக்குப் போன மூண்டு பேரையும் கொலை செய்த இடமாம். வானுக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்ல கொஞ்ச நேரம். பிறகு முந்திரிகைத் தோட்டம், ஒலிவ் தோட்டம், காய்ஞ்ச பொட்டல், எங்கட ஆடி மாசத்து வயல் மாதிரி மஞ்சளாக் கிடக்கு.

அப்பா, இப்ப சொல்லப்போறதைத்தான் நீங்கள் கவனமாக் கேக்கோணும்.

முதல் போனது கூசா எண்ட இடம், கம்போபெல்லோ எண்ட ஊருக்குக் கிட்ட. கல்லு வெட்டின இடம் அது. கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒலிவ் மரங்களுக்கு இடையில பாறை, ஒரு சனமில்லை, தும்பி பறக்கிற சத்தம் மட்டும்தான். 2,400 வருசத்துக்கு முதல் கிரேக்க ஆக்கள் கோயில் கட்டுறதுக்கு இஞ்ச இருந்துதான் தூண் கல்லு வெட்டிக்கொண்டு போனவையாம். ஒரு தூணை முழுசா வெட்டுறேல்ல, உருளை உருளையா வெட்டி, கொண்டுபோய் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிறது. ஒவ்வொரு உருளையும் மூண்டு மீற்றர் அகலம் வரும், எங்கட குசினியை விடப் பெரிசு.

எப்பிடி வெட்டியிருக்கினம் தெரியுமே அப்பா? பாறைக்கு மேல முதல் ஒரு வட்டம் கீறுறது. பிறகு அந்த வட்டத்தைச் சுத்தி ஒரு ஆள் உள்ளுக்கு இறங்கி நிண்டு வேலை செய்யக்கூடிய அகலத்துக்கு பள்ளம் வெட்டிக்கொண்டே கீழ போறது. வேண்டிய உயரம் வந்தோடன அடியால வெட்டிக் கழட்டுறது. பிறகு மரத்தால பெரிய சில்லு மாதிரிக் கட்டி உருட்டி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு போறது, கோயில் இருக்கிற செலினுந்தேக்கு அங்கயிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல. கைட் அந்தப் பள்ளத்துக்குள்ள இறங்கி நிண்டு காட்டினவர், உளி பட்ட கோடு இன்னும் இருக்கு, கையால தடவிப் பாத்தனான், நேற்று வெட்டினது மாதிரி.

சில இடத்தில உருளை முழுசா வெட்டிக் கழட்டின மாதிரிக் கிடக்கு. சில இடத்தில பாதி வெட்டு. சில இடத்தில வட்டம் மட்டும் கீறிக் கிடக்கு, அதோட சரி. ஏனெண்டு கேட்டன். யுத்தம் வந்திட்டுது, சனம் வேலையைப் போட்டிட்டு ஓடிட்டுது, பிறகு ஒருத்தரும் வந்து தொடங்கேல்ல எண்டார்.

எனக்கு அந்த இடத்திலயே கால் ஓடேல்ல அப்பா. விசுவமடுவில எங்கட வளவில நீங்கள் நடுவில முளை அடிச்சு கயிறு கட்டி வட்டம் கீறினது எனக்கு நல்ல ஞாபகம், கயித்தின்ர மற்றத் தொங்கலை என்ரை கையில தந்து இழுத்துப் பிடி, தொய்ய விடாத எண்டு சொன்னீங்கள், எனக்கு அப்ப பதினொரு வயசு. 12 அடி அகலம். மேசன் வேலை செய்யிற மனிசன் தன்ர வீட்டில கட்டுக்கிணறு இல்லாம இருக்கிறதோ எண்டு அம்மா சொல்லிச் சொல்லித்தானே தொடங்கினீங்கள். மார்கழியில மழைத்தண்ணி இறைச்சு இறைச்சு வெட்டினது, சீமெந்து வாங்கேலாத காலம், கல்லு மட்டும் சேத்துக் குவிச்சு வச்சிருந்தீங்கள். தை மாசம் செல் கிட்ட விழத்தொடங்கினோடன அலவாங்கும் மண்வெட்டியும் கிணத்துக்குள்ள அப்பிடியே கிடக்க, ஏணியைக் கூட எடுக்காம உடையார்கட்டுக்கு வெளிக்கிட்டம். அலவாங்கை எடுக்கேல்ல எண்டு நீங்கள் ரக்ரர் பெட்டியில இருந்து ரெண்டு தரம் சொன்னீங்கள். அதுக்குப் பிறகு எத்தினை இடம், எதை எதையெல்லாம் விட்டிட்டு வந்தம், ஆனா அந்த அலவாங்குக் கதைதான் எனக்கு மனசில நிக்குது.

நான் அழுதிட்டன். நொன்னா கதிரையில இருந்து கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டும் கேக்கேல்ல. அவவுக்கும் தெரியும் அப்பா. அவவின்ர ஊர் பெலிச்சே பள்ளத்தாக்கு, 1968 தை மாசம் பூமியதிர்ச்சியில கிராமம் கிராமமா இடிஞ்சுபோனது, அவவாக்கள் கன வருசம் தகரக் கொட்டிலுக்குள்ளதான் இருந்தவை. தாயின்ர தையல் மெசினை எடுக்கேல்ல எண்டு இப்பவும் சொல்லுவா.

பிறகு செலினுந்தே. சரியான பெரிய இடம், கடலுக்கு மேல மேடு, ஒரு மேட்டில மூண்டு கோயில், அங்கால மற்ற மேட்டில பழைய நகரம். நடக்கேலாத ஆக்களுக்கு பற்றரி வண்டி இருக்கு, நொன்னாவை அதில ஏத்தினம். எந்தக் கோயில் எந்தச் சாமிக்கு எண்டு நிச்சயமில்லாததால ஏ, பி, சி எண்டு எழுத்துத்தான் பேர். ஒண்டை மட்டும் 1950களில விழுந்த கல்லையெல்லாம் எடுத்துத் திருப்பி நிப்பாட்டியிருக்கினம், தூணுக்குள்ளால நடந்து போகலாம், தூணுக்கு இடையால நீலக் கடல் தெரியும், அப்பிடி ஒரு வடிவு. எங்கட கோயில் மாதிரி மூலஸ்தானத்துக்குக் கிட்டப் போகப் போக இடம் ஒடுங்குது, படி ஏறுது, நான் அறியாமலே செருப்பைக் கழட்டப் பாத்தன்.

கூசாக் கல்லு வந்து சேர இருந்தது ஜி எண்ட கோயிலுக்கு. 110 மீற்றருக்கு மேல நீளம், தூண் ஒவ்வொண்டும் 16 மீற்றர் உயரம். நூறு வருசத்துக்கு மேலயாக் கட்டிக்கொண்டிருந்தவையாம், முடிக்கவேயில்லை. இப்ப பாத்தா பெரிய பெரிய கல்லுக் குவியல், பின்னால வந்த பூமியதிர்ச்சியும் போட்டுப் புரட்டியிருக்கு, நடுவில ஒரேயொரு தூண் மட்டும் நிக்குது, 1832இல நிமித்தினதாம், சிசிலிக்காரர் அதைக் கிழவியின்ர நூல் நூக்கிற கதிர் எண்டு சொல்லுவினம். சில தூணில வரி வெட்டிக்கிடக்கு, சிலதில இல்லை. அதை வச்சுத்தான் வேலை முடியேல்ல எண்டு கண்டுபிடிச்சவையாம். நீங்கள் பாத்தா முதல் பார்வையிலயே சொல்லியிருப்பியள்.

சண்டை வந்த கதையும் கேளுங்கோ. பக்கத்து ஊர் செகெஸ்தாவோட எல்லைக் காணிப் பிரச்சினை. செகெஸ்தாக்காரர் கடலுக்கு அங்கால ஆபிரிக்காவில இருந்த கார்த்தேஜ் ராச்சியத்தைத் துணைக்குக் கூப்பிட்டவை. கிறிஸ்துவுக்கு முன் 409, ஒம்பது நாள் சண்டை. மதில் உடைஞ்ச பிறகு பொம்பிளையளும் பிள்ளையளும் கூரையில ஏறி கல்லும் ஓடும் எறிஞ்சிருக்கினம். 16,000 பேர் செத்தது, 5,000 பேரைப் பிடிச்சுக்கொண்டு போனது, 2,600 பேர் தப்பி அக்ரகாஸ் எண்ட ஊருக்கு ஓடினது. சிசிலியில பிறந்த தியோதோரஸ் எண்ட பழைய சரித்திரக்காரர் எழுதி வச்சிருக்கிறார். அந்த அக்ரகாஸ் சனம் தப்பி வந்த ஆக்களை முள்ளுக்கம்பிக்குள்ள வைக்கேல்ல அப்பா. ஊர்க் காசில தானியம் குடுத்து, வீடு வீடாப் பிரிச்சு விட்டு, வேண்டியதையெல்லாம் குடுங்கோ எண்டு வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கினம். 2,400 வருசத்துக்கு முதல். மெனிக்பாம் முகாமில நாங்கள் தண்ணிக்கு லைனில நிண்டது நினைவு வந்திட்டுது. நான் இதைக் கைட்டுக்குச் சொன்னன், எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனில. அவர் தொப்பியைக் கழட்டிப்போட்டு முழுக்க இருந்து கேட்டவர்.

மத்தியானம் கீழ மரினெல்லாவில கடலைப் பாத்துக்கொண்டு சாப்பாடு. சூடை மீன் மாதிரி ஒண்டு பொரிச்சது, எலுமிச்சம்புளி விட்டு. சின்ன வள்ளங்கள், வலை உதறுற ஆக்கள், நாய், எல்லாம் முல்லைத்தீவுக் கரை மாதிரியே, மணல் மட்டும் கொஞ்சம் மஞ்சள். கரைவலை இழுக்கிறேல்லையோ எண்டு தேடிப் பாத்தன், இல்லை.

பின்னேரம் மர்சாலாப் பக்கம் உப்பளம். ஆனையிறவால பஸ்ஸில போகேக்க ரெண்டு பக்கமும் பாத்தது மாதிரி பாத்தி பாத்தியா தண்ணி, ஆனா இஞ்ச கரையில காத்தாடி ஆலைகள் நிக்குது, முந்தி காத்தாலதான் தண்ணி இறைச்சதும் உப்பு அரைச்சதும். உப்பைக் குவிச்சு மேல வீட்டு ஓடு அடுக்கி மூடி வைக்கினம், மழையில கரையாமல். பொழுது படேக்க தண்ணி ஒரு பாத்தியில றோஸ் நிறம், ஒண்டில வெள்ளி. அம்மா, அதைப் பாக்க உங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா எண்டு இருந்தது. கிட்ட ஒரு சின்னத் தீவு, மொத்சியா எண்டு பேர், அதுக்குப் போக பழைய காலத்தில போட்ட ரோட்டு ஒண்டு தண்ணிக்குக் கீழ இருக்காம், கிட்டத்தில வரைக்கும் அதுக்கு மேலால மாட்டுவண்டி போனதாம், பாக்கிறவைக்கு வண்டி கடலுக்கு மேல போறது மாதிரித் தெரியுமாம். எனக்கு வட்டுவாகல் பாலம் நினைவு வந்தது. அதைப் பற்றி இப்ப எழுதேல்ல.

இனி விசயத்துக்கு வாறன். போன கிழமை தம்பி சொன்னவன், பாதிக் கிணத்தில பத்தை மண்டிக் கிடக்கு, சின்னவள் நடக்கத் தொடங்கிட்டாள், விழுந்திடுவாள், ரெண்டு லோட் மண் அடிச்சு மூடப்போறம், குழாய்க்கிணறு இருக்குத்தானே எண்டு. நானும் ஓம் எண்டிட்டன். அப்பா, அந்த ஓமைத் திருப்பி எடுக்கிறன். அந்தக் கூசாவில வட்டத்தைக் கீறின மனிசன் திரும்பி வரேல்ல, அவன்ர பிள்ளையளும் வரேல்ல. நாங்கள் திரும்பி வந்திட்டம். வளவும் இருக்கு, நீங்களும் இருக்கிறியள், கை நடுங்கினாலும் பக்கத்தில கதிரை போட்டிருந்து தூக்குக்குண்டு சரியோ எண்டு சொல்ல உங்களுக்கு ஏலும். தம்பியிட்ட நான் கதைக்கிறன், அவன் பிள்ளைக்குப் பயந்துதான் சொன்னவன், அதில பிழையில்லை. இந்தக் கிழமையே சுத்தி நாலு கட்டை நட்டு கம்பி அடிச்சு விடட்டும், அதுக்குக் காசு திங்கட்கிழமை போடுறன், அம்மாவின்ர பிரசர் மருந்துக் காசும் அதோட வரும்.

வைகாசிப் பொங்கலுக்கு ஒரு மாசம் லீவு கேட்டிருக்கிறன், நொன்னாவின்ர மகள் ஓம் எண்டிட்டா. உப்பளத்தில ஒரு சின்னப் பை உப்பு வாங்கி வச்சிருக்கிறன், வரேக்க கொண்டு வாறன். அதுக்கிடையில நீங்கள் ஒருக்கா போய்ப் பாத்து, எத்தினை அடியில விட்டனாங்கள், தண்ணி காண இன்னும் எத்தினை அடி வேணும், கல்லுக் கட்டுறதுக்கு சீமெந்து எத்தினை பை முடியும் எண்டு கணக்குப் போட்டு எழுதுங்கோ. இறங்கிப் பாக்க வேண்டாம், மேல நிண்டு கயித்தை விட்டு அளவுங்கோ. அடியில அந்த அலவாங்கு கிடந்தா எடுத்து எண்ணெய் பூசி வையுங்கோ.

உங்கட மூத்தவள்
பலெர்மோ, புரட்டாசி 2025