இட்லிப் பானையில் பிளாஸ்டிக்கை வேகவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரப் பெண்கள் இணைப்பில், கொலுவுக்காகப் பாலிமர் களிமண்ணில் குட்டித் தின்பண்டங்கள் செய்வது பற்றிக் கட்டுரை வந்திருந்தது. ஓவன் இல்லாதவர்கள் இட்லிப் பானையில் கால் மணி நேரம் ஆவியில் வைத்தால் போதும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பாதி ஆயுளை இட்லிப் பானைக்கு எதிரே கழித்தவள் நான். நகரியில் விசைத்தறித் தொழிலாளர்களுக்கு மெஸ் நடத்தினோம். இப்போது மெஸ் இல்லை, பொம்மைச் சாப்பாடுதான் என் தொழில். இரண்டையும் செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த யோசனை தப்பு.

பாலிமர் களிமண்ணில் மண் துளியும் கிடையாது. பி.வி.சி. பிளாஸ்டிக் தூளை, அதை இளக்கமாக வைத்திருக்கும் ரசாயனத்தோடும் நிறத்தோடும் பிசைந்து கட்டியாக்கி விற்கிறார்கள். தண்ணீர் சேராததால் காற்றில் காயாது, சூட்டில்தான் இறுகும். எத்தனை சூடு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும்: சில வகைக்கு 110 டிகிரி செல்சியஸ், சிலவற்றுக்கு 130. ஆவியோ 100-ஐத் தாண்டாது. அப்படி எடுத்த வடை அழுத்தினால் முறிந்துவிடும். சூடு போதவில்லை என்று வாணலியில் போட்டுக் கருகவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரியும். இதற்கென்றே சின்ன ஓவன் ஒன்றும், உள்ளே வைக்க ஒரு வெப்பமானியும் வாங்கிக்கொள்வதுதான் முறை. ஓவனின் திருகில் 130 என்று வைத்தால் உள்ளே 150 கூட இருக்கக்கூடும். அந்த ஓவனில் பிறகு கேக் செய்யக் கூடாது. மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம்.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் இட்லி என்று இருந்தது சுண்ணாம்பு வில்லை. வெறும் வெள்ளைக் களிமண்ணில் இட்லி வராது. டிரான்ஸ்லூசன்ட் என்று கடையில் கேட்டால் வெளிச்சம் லேசாக ஊடுருவும் வகை ஒன்று தருவார்கள். அது முக்கால் பங்கு, வெள்ளை கால் பங்கு, ஊசி முனையளவு பழுப்பு. ஓரத்தை மெலியவிட்டு நடுவை உப்பவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தால் மேற்பரப்பில் அந்தப் பொரபொரப்பு வரும். அளவும் சரியில்லை. பொம்மை வீட்டுக் கணக்கு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். மூன்று அங்குல இட்லி கால் அங்குலமாக வேண்டும். வடை அதைவிடச் சிறியதாக. உங்கள் படத்தில் வடை இட்லியைவிடப் பெரியது. அப்படிப் போடும் கடை எங்கே இருக்கிறது என்று சொன்னால் நானே போய்ச் சாப்பிடுகிறேன்.

தோசைக்கு முழுக்க ஒரே பழுப்பை அப்பியிருக்கிறார்கள். கரண்டி சுழன்ற தடம் இல்லாத தோசை உண்டா? சூட்டில் வைப்பதற்கு முன்பே, படம் வரையும் வண்ணச் சாக்குக்கட்டியான சாக் பாஸ்டலில் பிரௌனைச் சுரண்டிய பொடியை உலர்ந்த பிரஷ்ஷில் தொட்டு வட்டம் வட்டமாகத் தடவ வேண்டும். மாவு மெலிந்த இடம் சிவக்கும், தடித்த இடம் வெளுத்து நிற்கும். கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்பது கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும். களி உருண்டை சுலபம் என்று நினைப்பார்கள். நனைத்த கையால் உருட்டியது என்பது தெரிய, விரல் பட்ட இடங்கள் கொஞ்சம் தட்டையாக இருக்க வேண்டும். மினுமினுப்பும் வேண்டும், ஆனால் வார்னிஷ் ஒரு பூச்சு கூடினால் சாக்லேட் ஆகிவிடும். தமிழ் வீடுகளில் நவராத்திரிக்குக் கொலு. தெலுங்கு வீடுகள் பலவற்றில் சங்கராந்திக்கும் வைப்பார்கள். அவர்களுக்கு அரிசெலு வேண்டும், நம் அதிரசம்தான். மேலே எள் ஒவ்வொன்றாக ஒட்டுவதற்குள் கண் பூத்துவிடும். கூலி கேட்டால் மட்டும் 'பொம்மைக்கா இவ்வளவு?' என்பார்கள்.

கட்டுரையில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நன்றாகச் செய்த ஜாங்கிரி, தவழும் குழந்தைக்கு ஜாங்கிரிதான்; வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். கீழ்ப்படிகளில் வைக்காதீர்கள், தட்டோடு சேர்த்துப் பசையால் ஒட்டிவிடுங்கள் என்றாவது எழுதியிருக்கலாம்.

தசரா விடுமுறை தொடங்கும் முன், இட்லிப் பானை விஷயத்துக்காவது அதே இணைப்பில் திருத்தம் வெளியிடுங்கள். படத்தையும் மாற்றுவதாக இருந்தால் என் இட்லிகளை ஒரு தட்டு அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நகரி, சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்