துர்துக்கிலிருந்து வந்த கையோடு

டேய் மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பொண்ணு கல்யாண வேலையெல்லாம் ஒருவழியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் அப்போது லடாக்கில் இருந்தேன். வெளியூர் ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்ட் இருந்தால்தான் உண்டு, அதனால்தான் போனிலும் பிடிக்க முடியவில்லை.

லே, பாங்காங் எல்லாம் நீ வீடியோவில் பார்த்து அலுத்திருப்பாய், விடு. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய துர்துக் என்கிற கிராமத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். லேயிலிருந்து கார்துங் லா கணவாய் ஏறி இறங்கி (18,380 அடி என்று போர்டு வைத்திருந்தார்கள், அளந்து பார்த்தவர்கள் சொல்வது 17,582), நுப்ரா பள்ளத்தாக்கில் ஷயோக் ஆற்றை ஒட்டியே போனால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழியெல்லாம் பொட்டல் மலை. ஊருக்குள் நுழைந்தால் திடீரென்று பச்சை, ஆப்ரிகாட் மரங்கள், வாய்க்கால் தண்ணீர். லேயைவிடத் தாழ்வான இடம் என்பதால் பார்லி அறுத்த வயலிலேயே அடுத்து பக்வீட் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்த மாவில் சுடுகிற கிசிர் நம் தோசைக்குத் தம்பி மாதிரி இருக்கும், கொஞ்சம் கசப்பு.

ஜனங்கள் பால்டிகள், முஸ்லிம்கள். பேசுவது திபெத்தியக் குடும்பத்து மொழி. ஒரு காலத்தில் அதைத் திபெத்திய எழுத்தில்தான் எழுதினார்களாம். எல்லைப் பக்கத்து ஊர் என்றால் இந்தப் பக்கம் ஒரு மதம், அந்தப் பக்கம் ஒரு மொழி என்று நாம் கோடு போட்டு வைத்திருப்போமே, அதெல்லாம் இங்கே செல்லாது. காஷ்மீரை ஆண்ட டோக்ரா ராஜா காலத்தில் லடாக், இப்போது பாகிஸ்தான் பக்கம் இருக்கிற பால்டிஸ்தான் எல்லாம் ஒரே நிர்வாகம். அதிகாரிகள் பாதி வருஷம் லேயில், பாதி வருஷம் பால்டிஸ்தானின் ஸ்கர்து ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் 1947 சண்டை. போர் நிறுத்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானில் போய்விட்டது துர்துக். 1971 டிசம்பர் போரில் மேஜர் செவாங் ரிஞ்சன் இந்திய ராணுவத்தின் லடாக் ஸ்கவுட்ஸ் படையோடு ஷயோக் ஓரமாக முன்னேறி சலுங்கா, துர்துக், தியாக்ஷி, தாங் நாலையும் பிடித்தார். அந்த வாரம் படிக்கவோ வேலைக்கோ ஸ்கர்து பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். புருஷன் அங்கே, பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே.

எனக்கு ஆறாமல் இருப்பது இதற்கப்புறம் நடந்ததுதான். 1972 சிம்லா ஒப்பந்தத்தில் பஞ்சாப், சிந்து பக்கம் பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காஷ்மீரில் மட்டும் டிசம்பர் 17 அன்று படைகள் நின்ற இடமே கட்டுப்பாட்டுக் கோடு என்று முடிவு. ராஜஸ்தான் பக்கம் இப்படிப் பிடிபட்ட ஊர் பழைய நாட்டுக்கே போனது, துர்துக் போகவில்லை. ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலைக்கு அந்தண்டை இருக்கிற அண்ணனைப் பார்க்க விசா வாங்கி, கீழே பஞ்சாபுக்கு இறங்கி, வாகா வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி மலையேற வேண்டியிருந்தது. விசா கிடைத்தால்தான் அதுவும். 2025 ஏப்ரலில் அந்த வழியும் மூடியாயிற்று. இப்போது வாட்ஸ்அப்பில் முகமாவது பார்த்துக்கொள்கிறார்கள்.

2010 வரை வெளியாட்களை விடவில்லை. இப்போது ஹோம்ஸ்டே, "இந்தியாவின் கடைசி கிராமம்" போர்டு, செல்ஃபி எல்லாம் வந்தாயிற்று. அந்தப் போர்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கர்து பாதையில் நடு ஊராக இருந்ததைக் கடைசி என்கிறார்கள்.

நாங்சுங் ஒன்று காட்டினார்கள். பாறைகளுக்கு நடுவே கல் அடுக்கிக் கட்டிய சின்ன அறை, குனிந்துதான் நுழைய வேண்டும். அடியில் கல் இடுக்கு வழியே பனிக்காற்று வந்துகொண்டே இருக்கிறது. வெளியே நல்ல வெயில், உள்ளே கை விறைக்கிறது! வெண்ணெய், இறைச்சி எல்லாம் அதில்தான். கரண்ட் செலவே இல்லாத ஃபிரிட்ஜ்.

ஆப்ரிகாட் காய்ந்தது ஒரு பை கொண்டு வந்திருக்கிறேன், கொட்டையை எறிந்துவிடாதே, உள்ளே பருப்பு பாதாம் மாதிரி இருக்கும். அடுத்த ஆகஸ்டில் சேர்ந்து போவோம். லேயில் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடந்து உடம்பைப் பழக்கிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும், உன் பிரஷர் என்ன கணக்கில் இருக்கிறது என்று டாக்டரிடம் காட்டிவிட்டு எழுது. மற்ற ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
பழைய ரூம்மேட்