எத்தனை பேர் என்று கேட்பார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். அவள் முட்டிக்கு அந்தப் பழைய எண்ணெயைத்தான் தேய்க்கிறாள். நீ அனுப்பிய மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது, திட்டாதே. போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

ஐப்பசியில் மறுபடியும் கொடைக்கானல் போகிறோம். இந்த வருடம் இது நான்காவது முறை. 26 வருடம் அந்த மலையில் பஸ் ஓட்டியவருக்கு இன்னும் என்ன பாக்கி என்று நீ கேட்பாய். பாக்கி இருக்கிறது, அம்மாடி. வத்தலக்குண்டில் ஏறி உட்கார்ந்தால் கண் சாலையை விட்டு நகராது. மேலே போனதும் ஒரு டீ, வண்டியைத் திருப்பு, இறங்கு. ஏரியை முழுதாகச் சுற்றி நடந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். ஐந்து கிலோமீட்டர். மதுரை கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் 1863-இல் உண்டாக்கியது என்று அம்மாவிடம் சொன்னேன். "ஏரி என்றால் ஒரு வயலுக்காவது பாய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மே மாதத்தில் மட்டும் வராதே. பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியில் பூவைவிடத் தலைகள்தான் அதிகம். அம்மா பிளம்ஸ் இரண்டு கிலோ வாங்கினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பாதி அழுகிப்போனது.

ஆகஸ்டில் கோக்கர்ஸ் வாக் மலைவிளிம்பு நடைபாதையில் கைப்பிடிக் கம்பியைத் தவிர எதுவும் தெரியவில்லை. மேகம் விலகினால் கீழே பெரியகுளம் தெரியும் என்று அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் சாரலில் நின்றோம். ஒரு கணம் விலகி உடனே மூடிக்கொண்டது. தெரிந்ததா என்றேன். தெரிந்தது என்றாள். எனக்கே தெரியாதது அவளுக்கு எங்கே தெரிந்திருக்கும்? என் மனம் கோணாமல் பேசிப் பேசிப் பழகிவிட்டாள். நீ அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதது நல்லதுதான்.

ஐப்பசி மழை வேறு மாதிரி. கோடையில் டம் டம் பாறையில் நின்று பார்த்தால் எதிரே எலிவால் அருவி நூல் போலத் தொங்கும். மழை பிடித்தால் பருத்துவிடும். மண் சரியும், மரம் விழும். இரவில் மலை ஏறாதே. பகலில் வா. வெறும் வயிற்றோடு வராதே, வயிறு முட்டவும் சாப்பிடாதே. ஸ்வெட்டர் எடுத்து வா. மாப்பிள்ளைக்கு வளைவுகளில் குமட்டும். அவருக்கு லீவு கிடைத்தால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொல். கிடைக்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

எதிர்வீட்டு வாத்தியார் உன் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். நான் சொல்லவில்லை. ஆனால் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்திருக்கும். இவ்வளவு சம்பாதிக்கிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட நேரமில்லையா? தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறாய். அதற்கு நான் என்ன பதில் எழுதுவது?

கஜா புயல் ஞாபகம் இருக்கிறதா? 2018, குறிஞ்சிப் பூ பார்க்க வந்த கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, நவம்பர் 16. மரங்கள் சாய்ந்து மலைப்பாதை மூடிக்கொண்டது. பஸ்ஸோடு மேலேயே மாட்டிக்கொண்டேன். நீ கோயம்புத்தூர் விடுதியில் இருந்தாய். இறங்கி வந்து போனைப் பார்த்தால் உன்னிடமிருந்து 41 அழைப்புகள். அன்றைக்கு உண்மையிலேயே சிக்னல் இல்லை.

ஜனவரியை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

ஜிம்கானா பக்கம் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல உறைபனி. ஆறரை மணி இருக்கும். டீக்கடை வாசலில் நாலு பேர் தீ மூட்டியிருந்தார்கள், அம்மா அதில் கை காய்ந்துகொண்டிருந்தாள். நீ கூப்பிட்டாய். "அப்பா, நான் அங்கேயே வந்துவிடட்டுமா?" என்றாய். சரியாகக் கேட்கவில்லை பாப்பா, மலையில் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிக்னல் இருந்தது. நீ மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. பெரியப்பா வீட்டுப் பஞ்சாயத்து என் கண் முன்னால் வந்து நின்றது, தெருவே கூடி நின்றதும். பயந்துவிட்டேன். யார் என்று அம்மா கேட்டாள். ராங் நம்பர் என்றேன். பெற்ற பெண்ணை ராங் நம்பர் என்று சொன்னவன் நான். நீ திரும்பக் கூப்பிடுவாய் என்று இறங்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நானும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மே மாதம் ஏறியதும் ஆகஸ்டில் ஏறியதும் ஊர் பார்க்க என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறையும் அந்த டீக்கடை வாசலில் போய் நின்று போனை எடுத்துப் பார்த்தேன்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. தாழ்ப்பாள் புதிது.

தீபாவளி முடிந்து மலைக்குச் சேர்ந்தே போகலாம். அரசு பஸ் என்றால் இ-பாஸ் வேண்டாம். உன் காரில் போவதானால் எடுத்தாக வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அப்படித்தான். வண்டி எண், தேதி, எத்தனை பேர் எல்லாம் கேட்பார்கள். நானும் அம்மாவும் இரண்டு. உன் கணக்கு எதுவோ அதை அதோடு கூட்டிப் போடு. மூன்று என்று வந்தால் மூன்று. ஏன் என்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

வத்தலக்குண்டுக்கு மேலே நான் ஓட்டுகிறேன். நீ பின்னால் படுத்துத் தூங்கு. ஸ்வெட்டர் எடுத்து வா.

அப்பா