கயலுக்கு: அந்த மாத்திரையைக் குறித்து

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஓடு பதித்தாயிற்று. மற்றதை எல்லாம் அவரே சொல்லுவார். தொலைபேசியில் நான் எதை ஆரம்பித்தாலும் “சரிம்மா, சரிம்மா” என்று நீ முடித்துவிடுவதால், இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, படுக்கையில் சாய்ந்தபடியே டாக்சிசைக்ளின் என்ற அந்தக் கிருமிக்கொல்லி மாத்திரையை வாயில் போட்டு, சொம்பின் அடியில் கிடந்த ஒரு மிடறு தண்ணீரைக் குடித்துவிட்டு நீ விளக்கை அணைத்ததைப் பார்த்தேன். மறுநாள் நெஞ்சு எரிகிறது என்றாய். வடைதான் காரணம் என்றார் அத்தை. நீயும் வயிற்று அமிலத்தைத் தணிக்கும் அந்த இளஞ்சிவப்பு மருந்தை இரண்டு மூடி குடித்தாய். வடையின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. டாக்சிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் அங்கேயே புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டால் வயிற்றைப் புரட்டாது. நீ குடித்த அந்த இளஞ்சிவப்பு மருந்தில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அப்படித்தான். பரீட்சைக்கு முதல் நாள் இரவு, இப்படி உலோகத்தோடு பிணைந்து உருவாகும் “கொடுக்கிணைப்புச் சேர்மங்கள்” என்று நீ உரக்கப் படித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. வேதியியலில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கு இதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கிறது.

முகப்பருவுக்குத்தான் என்றாய். அதற்கு இந்த மருந்தைக் கொடுப்பது சரியான வைத்தியம்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளிக்கு முன்பு எழுதிய சீட்டையே காட்டி இன்னும் வாங்கிக்கொண்டிருப்பதாக நீயே சொன்னாய். அட்டையின் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதே, அதைக் கவனித்தாயா? மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, நம் இஷ்டத்துக்கு நீட்டிக்கவும் கூடாது என்பதற்காக அச்சிட்டது அது. பருவுக்கு இதைப் பொதுவாக மூன்று, நான்கு மாதங்களோடு நிறுத்திவிட்டு மேற்பூச்சுக் களிம்புக்கு மாற்றுவார்கள். அதற்கு மேலும் சாப்பிட்டால் தோலிலும் குடலிலும் உள்ள கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும்; பிறகு உண்மையாகவே தேவைப்படும் நாளில் அது கேட்காது. மிச்ச மாத்திரையை மாப்பிள்ளையின் சளிக்குக் கொடுக்காதே. சளி வைரஸால் வருவது, இதற்கு மசியாது. வண்டியில் போகும்போது வெயில் படாமல் முகத்தையும் கையையும் மூடிக்கொள். தலைவலி விடாமல் இருந்தாலோ பார்வை மங்கினாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போ.

உன் கைப்பையை நான் துழாவவில்லை. சீப்பை எடுத்துத் தரச் சொன்னது நீதான். அதில் இன்னொரு அட்டையும் இருந்தது, சிறிய மஞ்சள் மாத்திரைகள். மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு அது எதற்கான மாத்திரை என்று தெரியாமல் இருக்குமா? நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் தோல் மருத்துவரிடம் அந்த மாத்திரையைப் பற்றியும் சொன்னாயா என்பதை மட்டும் யோசித்துப் பார்.

மருந்தக ஜன்னலில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும், நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்காமல் இந்த மருந்தை நான் கொடுத்ததில்லை. கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குப் பல் உருவாகும் காலத்தில், இது சேர்ந்த டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் உள்ளே போனால், பல்லில் கறையாகப் படிந்துவிடும். எலும்பு வளர்ச்சியையும் தடுக்கும். பெரிய மாமா ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்று உனக்குத் தெரியும். அவருக்குக் கைக்குழந்தையில் கொடுத்தது அந்தப் பழைய டெட்ராசைக்ளின். டாக்சிசைக்ளின் அவ்வளவு மோசமில்லை என்றுதான் இப்போது சொல்கிறார்கள். இருந்தாலும் வேறு வழி இருக்கும்போது கர்ப்ப காலத்தில் யாரும் இதைத் தருவதில்லை. தெரியாமல் ஆரம்ப வாரங்களில் சில மாத்திரைகள் சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொன்னால் போதும். அசலாயிக் அமிலக் களிம்பு போன்றவை அக்காலத்துக்கும் உகந்தவை. இது எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகச் சொல்வது.

என் பயம் இந்த மாத்திரையோடு நிற்கவில்லை. இதற்குப் பரு அடங்காவிட்டால் அடுத்ததாக ஐசோட்ரெடினோயின் எழுதுவார்கள். அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது; குழந்தைக்குப் பெரிய ஊனங்களை உண்டாக்கக்கூடிய மருந்து அது. டாக்சிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிட்டால் மூளையைச் சுற்றிய அழுத்தமும் ஏறக்கூடும். நீ சொல்லாமல் மறைத்தால் எந்த மருத்துவராலும் இதைத் தவிர்க்க முடியாது. நீ சிறு வயதிலிருந்தே வலியைக்கூட வாய்விட்டுச் சொல்லாதவள். அதைப் பொறுமை என்று ஊரே பாராட்டியது, நான் பாராட்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போ. கடைக்காரர் தருகிறார் என்பதற்காகப் புதிய அட்டை வாங்காதே. மாத்திரை போடுவதாக இருந்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், உட்கார்ந்து, மறுபடியும் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை அப்பா பெருமாள் கோவிலுக்குப் போய்விடுவார். ஏழு மணிவரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன், அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா